அலை கொண்டுபோன குச்சி

நண்பர்களே, சிலி நாட்டில் கொன்கோன் என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அக்கோன்காகுவா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடம். பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

1966இல் அந்தக் கரையில் 17 வயதுப் பெண் ஒருத்தி ஒரு குச்சியைப் பொறுக்கி ஈர மணலில் நட்டாள். அப்புறம் இறகு, கல், எலும்பு என்று அலை ஒதுக்கியதை எல்லாம் பக்கத்தில் சேர்த்தாள். கடல் ஏறி வந்து அத்தனையையும் கொண்டுபோனது. அவள் தடுக்கவில்லை. கடல் எடுத்துக்கொள்வதும் அந்தப் படைப்பில் சேர்த்திதான்.

அவர்தான் சிலி நாட்டுக் கலைஞர் செசிலியா விகுன்யா. இப்படிப் பொறுக்கிச் சேர்த்துச் செய்த படைப்புகளுக்கு அவர் வைத்த பெயர் 'பிரெகாரியோ'. நிலையற்றது என்று பொருள். லத்தீன் வேரைப் பார்த்தால் 'இரந்து பெற்றது'. கொடுத்தவர் எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டியது. கடலோரக் குடிசையில் இருப்பவருக்கு இந்தச் சொல்லின் அர்த்தம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

1973 செப்டம்பர் 11. சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிபர் அயெந்தே இறந்தார். விகுன்யா அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்ப வழியில்லை. தன் நாட்டு எதிர்ப்பியக்கத்துக்காக, நாட்குறிப்பு எழுதுவதுபோல, சின்னச் சின்னப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். ஒரு சுள்ளி, ஒரு இறகு, சுற்றிக் கட்டிய நூல், அவ்வளவுதான். சில உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாடு இழந்தவர் கையில் என்ன மிஞ்சுமோ அந்த அளவில்தான் அந்தக் கலையும் இருந்தது. என்னை உலுக்கியது அந்த அளவுதான்.

2022இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் அரங்கில் 27 மீட்டர் உயரத்துக்கு அவருடைய படைப்புகள் தொங்கின. காய்ந்து வெளுத்த மரங்களைப்போல, காடழிப்புக்கான துக்கமாக. பிரமாண்டம்தான். ஆனாலும் என் மனம் அந்தச் சுள்ளிகளிடமே திரும்புகிறது. அந்தப் பெரிய படைப்பிலும் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: லண்டனில் வாழும் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் பொறுக்கிய பொருள்களும் அதில் கட்டப்பட்டிருந்தன. பிழைக்க வந்த ஊரின் ஆற்றில், யாரோ எறிந்ததைக் குனிந்து எடுத்த கைகள் அவை.

சரி, நாளை காலை நாமும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறோம். கிடைப்பதை எடுத்து வாருங்கள். கிளிஞ்சலில் எண்ணெய்க் கறை இருந்தால் கழுவிவிடாதீர்கள்.