அன்னம்மாள் கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

நிலாவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா யூலையில் அம்மாவை கியூபெக் அன்னம்மாள் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார். பக்கத்தில் செந்த் ஆன் பள்ளத்தாக்கு இருக்கிறதாம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், போகலாமா? அந்த ஆற்றில் மரம் ஓட்டினார்கள் என்கிறார்களே, அது என்ன?"

தாராளமாகப் போகலாம். கோயிலில் இருந்து காரில் கொஞ்ச நேரம்தான். அருவி 74 மீட்டர். நயாகராவை விட உயரம், ஆனால் அந்த அகலம் இல்லை. தொங்குபாலங்களில் ஒன்று ஆற்றுக்கு மேலே 60 மீட்டரில் நிற்கிறது. நம்ம திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பார்த்தால் வயிற்றுக்குள் ஒன்று கூசுமே, அதேதான். என்ன, இங்கே காலுக்குக் கீழே பாறை, அங்கே பாலமே ஆடும். நான் நடுவில் நின்றபோது பின்னால் ஒரு பெடியன் ஓடி வந்தான். மூக்குக்கண்ணாடி முழுக்கச் சாரல், துடைக்கக் கை இல்லை. இரண்டும் கம்பியைப் பிடித்தபடி. அம்மா படி இறங்க வேண்டாம், மேலே நின்றே பார்க்கட்டும்.

இனி மரக்கதை. வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வைக்கோல் லொறியில் போனது ஞாபகம் இருக்கா? கியூபெக்கில் ஆலைக்கு மரத்தைக் கொண்டுபோனது ஆறுதான். மாரியில் மரத்தைத் தறித்து, பனியில் குதிரை வைத்து இழுத்து, உறைந்த ஆற்றங்கரையில் அடுக்கி வைப்பார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும். அப்போது தள்ளிவிட்டால் தண்ணீரே இழுத்துக்கொண்டு போய்விடும், கூலி கேட்காது. ஆனால் இந்த மாதிரி ஒடுங்கிய இடத்தில் ஒரு தடி குறுக்கே விழுந்தால் பின்னால் வருவதெல்லாம் மலைபோல் குவிந்துவிடும். அதைப் பிரிக்க, அடியில் ஆணி அடித்த சப்பாத்தோடு, நீளக் கொக்கித்தடி பிடித்து, உருளும் மரத்தின் மேலேயே ஆள் நடக்க வேண்டும். சிக்கு அவிழ்ந்த கையோடு கரைக்குப் பாயத் தெரியாதவன் போனான்தான். அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது எனக்கு அருவியை விட இதுதான் மனதில் ஓடியது. கியூபெக்கில் இந்த வேலை 1990களில்தான் முற்றாக நின்றது.

யூலை 26 அன்னம்மாள் திருநாள். கோயிலில் சனம் நெரியும், அந்த நாளில் இரண்டையும் சேர்க்க வேண்டாம். மாரியில் பள்ளத்தாக்கைப் பூட்டிவிடுவார்கள், யூலையில் திறந்திருக்கும். அப்புறம், அம்மாவை ரப்பர் செருப்போடு கூட்டிப் போக வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள், பாறைப் பக்கம் ஈரம்.