இம்மி இடம் விடமாட்டேன்: அகராதி அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம்.

'விநோதமான புதுச்சொல் கிடைப்பது ஊர்ப்பேச்சிலா, அகராதியிலா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய அம்மா, 'சொல்லுக்கு உயிர் டீக்கடையில். அகராதி அதைப் புதைக்கிற இடம்' என்று சொல்லிக் கைதட்டும் வாங்கிவிட்டார். அவர் காட்டிய சான்று, வரப்புச் சண்டையில் காதில் விழும் வசனம்: 'இம்மி இடம் விடமாட்டேன்!'

நல்ல சொல்தான். ஆனால் இம்மி எவ்வளவு என்று வரப்பில் மல்லுக்கு நிற்கிற இருவரையும் கேளுங்கள். 'கொஞ்சூண்டு' என்பார்கள். அகராதியைக் கேளுங்கள். பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320-இல் 1 பங்கு. அந்த முந்திரியை இன்னும் 320 கூறு போட்டால் கீழ்முந்திரி. அதைப் பத்தரையால் வகுத்தால் இம்மி. அதாவது 10,75,200-இல் 1 பங்கு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஓர் இம்மி ஆறு சதுர அங்குலம்கூடத் தேறாது. இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைக்கலாம். இதற்கா அரிவாள்? சொல்லைக் கொடுத்தது டீக்கடை, ஒப்புக்கொள்கிறேன். சிரிப்பைக் கொடுத்தது அகராதி.

போடிநாயக்கனூரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அகராதியில் இரண்டும் தனித்தனித் தலைச்சொல். ஒன்று பாயசத்தில் போடுவது. இன்னொன்று போர்த்துகீசியர் கப்பலில் வந்திறங்கியது. ஜன்னலும் சாவியும் அதே கப்பல்தான். 'கக்கூஸ்' மட்டும் டச்சுக்காரர் கொடை. அதை ஆங்கிலம் என்று நினைத்து நாகரிகமாக உச்சரிப்பவர்களை எதிரணியார் டீக்கடையில் பார்த்திருப்பார்கள்.

'அகராதியில் எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை' என்றும் அம்மா குறைப்பட்டார். தேடும் முறையில்தான் கோளாறு. பகல் முதலில் வரும், பக்கம் பிறகு வரும் என்று நினைத்துப் போவோம். தமிழ் அகரவரிசையில் புள்ளி வைத்த எழுத்துக்கே முதலிடம், பக்கம்தான் முந்தி. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் குறியீட்டெண்படி வெறுமனே அடுக்கினால் இது தலைகீழாகிவிடும். 'கண்டான்' என்று தேடினால் கிடைக்காது. வேர் 'காண்', அங்கே போக வேண்டும். ஜ, ஸ, ஹ எல்லாம் கடைசியில் இருக்கும். அங்கும் இல்லையா, சகரத்தில் பாருங்கள். ஜன்னல் அங்கே சன்னலாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: இணைய அகராதியின் தேடுபெட்டியில் தட்டாதீர்கள், பக்கத்தைப் புரட்டுங்கள். அது கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரன். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியான லெக்சிகனில் 'அங்காடி'யைத் தேடிப் போங்கள். சற்று மேலேயே 'அங்கா-த்தல்' இருக்கும். வாயைத் திறத்தல் என்று பொருள். நன்னூல், அகரமும் ஆகாரமும் அங்காத்தலால் பிறக்கும் என்கிறது. பல் மருத்துவர் 'ஆ காட்டுங்க' என்பது சுத்தமான இலக்கணம்! அங்காடிக்குப் போன இடத்தில் இது இலவசம்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். பொருளுக்குப் பக்கத்தில் நிகண்டின், அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலின், பெயர் மட்டுமே அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்தச் சொல்லைப் பேச்சில் இறக்காதீர்கள், ஒருவருக்கும் விளங்காது. சொல்லுக்கு ஆறு பொருள் போட்டிருந்தால், பிடித்த பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். மேற்கோள் வரி எந்தப் பொருளுக்குக் கீழே நிற்கிறது என்று பாருங்கள்.

'ஊர்ப்பேச்சு அகராதியில் ஏறாது' என்பதுதான் எதிரணியின் பெரிய ஆயுதம். அதே லெக்சிகனில் திருநெல்வேலி, நாஞ்சில், யாழ்ப்பாணம் என்று வட்டாரத்துக்கு ஒரு சுருக்கக் குறியே உண்டு. கரிசல் பேச்சைக் கதையில் கொட்டிய கி. ராஜநாராயணன் கடைசியில் என்ன செய்தார்? 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டார். எதிரணியின் ஆளே நம் கட்சிக்கு வந்துவிட்டார்!

ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். சொல்லின் ராகம் அகராதியில் இல்லை. 'ஏலே' என்பதை அன்பாகச் சொன்னாரா, அடிக்கச் சொன்னாரா என்பது வாயில்தான் இருக்கிறது. ஆனால் அதே வாய்தான் திமிர் பிடித்தவனை 'அகராதி பிடிச்சவன்' என்கிறது. அகரத்தை ஆதியாக வைத்து அடுக்கியதால் அகராதி. இதில் திமிர் எங்கிருந்து வந்தது?

நடுவர் மணியடிக்கிறார். 'இம்மி நேரம் கொடுங்கள்' என்று கேட்கலாம்தான். ஒரு மணி நேரத்தில் ஓர் இம்மி என்பது ஒரு நொடியில் ஏறத்தாழ 300-இல் 1 பங்கு. அதற்குள் 'நன்றி'யில் 'ந'கூட முடியாது. உட்காருகிறேன்.