உதவித்தொகையும் சம்பளமும்: வேலைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

(மதுரையில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் என்று பல திசைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். திரும்பவும் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் முன்னுரை வேண்டாம்.

"வேலை கிடைச்சிருக்குங்க. ஆனா சேர்ந்தா மாசா மாசம் வர்ற பணம் நின்னு போயிருமே?" இந்தக் கேள்வியால் வேலையையே வேண்டாம் என்று சொன்ன குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்பார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த உதவித்தொகை ஆணையை வாங்க எத்தனை முறை தாலுகா ஆபீஸ் படியேறினோம் என்பது ஏறினவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பயப்படுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் வாங்குவது எந்தத் துறையின் பணம்?

மூன்று விதமான பணம் இருக்கிறது. முதலாவது வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். இதைக் கையாள்பவர் தாலுகா அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். இரண்டாவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், தண்டுவடம் அடிபட்டவர்கள் போன்றோருக்கு இது வரும். இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. இதைக் கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டும். முதல் இரண்டையும் ஒருவரே சேர்த்து வாங்க முடியாது.

வேலைக்குப் போனால் இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை சம்பளம் வந்ததும் நிற்கும். பெயரிலேயே அது இருக்கிறது. பராமரிப்பு உதவித்தொகை சம்பளத்தைப் பார்த்துக் கொடுக்கும் பணமல்ல. குறைபாட்டின் வகையையும் அளவையும் பார்த்துக் கொடுப்பது. வருவாய்த் துறை ஓய்வூதியத்தில்தான் வருமானம் பார்ப்பார்கள். அதிலும் தனியார் வேலையோ சுயதொழிலோ செய்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வெட்டிவிட முடியாது. வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை டீக்கடையில் கேட்காதீர்கள். கிராம உதவியாளரிடம் வாய்வார்த்தையாகவும் கேட்காதீர்கள். ஒரு பக்க மனு எழுதுங்கள்: பெயர், ஓய்வூதிய ஆணை எண், மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை எண், சேரப்போகும் நிறுவனம், மாதச் சம்பளம், ஆண்டுக்கு எவ்வளவு வரும். கடைசி வரியில் "இந்த வருமானத்தில் எனக்கு உதவித்தொகை தொடருமா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்." திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் மனுவின் நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். இந்தக் காகிதம் எதற்கு? பின்னால் யாராவது "வேலை பார்ப்பதை மறைத்தார்" என்று எழுதினால், நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பணம் நின்றுபோகும்போது பலரும் வேலையைக் காரணம் சொல்கிறார்கள். விசாரித்தால் காரணம் வேறாக இருக்கும். மருத்துவச் சான்றிதழ் தற்காலிகச் சான்றாக இருந்து காலாவதி ஆகியிருக்கும். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று போயிருக்காது. ஆதாரில் ஒரு இனிஷியல், அடையாள அட்டையில் வேறு இனிஷியல். சம்பளத்துக்காகப் புதுக் கணக்கு தொடங்கி அதில் ஆதாரை இணைத்ததும், ஓய்வூதியம் அந்தக் கணக்குக்குப் போய் விழுந்திருக்கும். வீட்டில் பழைய பாஸ்புக்கைப் பார்த்து "நின்னுபோச்சு" என்பார்கள். முதலில் இவற்றைச் சரிபாருங்கள். அடையாள அட்டையின் நிறத்தையும் கவனியுங்கள்: குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80க்கு மேல் நீலம். வெள்ளை அட்டையோடு இட ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் பயனில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பலரும் 10,000-த்தையும் 1,500-ஐயும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அது அரைக் கணக்கு. வேலைக்குப் போக ஆகும் செலவைக் கழியுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்தப் படியில் ஏற வழி ஏது? ஷேர் ஆட்டோவும் ஏற்றிக்கொள்ளாது. தனி ஆட்டோ ஒரு தடவைக்கு 60 ரூபாய் என்றாலும் போக வர, 26 நாளைக்கு 3,120 ரூபாய். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ரோட்டிலேயே போய்விட்டது. பலர் மூன்றாம் மாதம் வேலையை விடுவது இதனால்தான். முதலாளியாலும் இல்லை, அரசாலும் இல்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதையும் வேலைதான் திறந்துவிடுகிறது. இரு கால்களும் பாதிக்கப்பட்டுக் கைகள் நன்றாக இருப்பவர்களுக்கு, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை நலத்துறை இலவசமாகத் தருகிறது. வேலைக்குப் போகிறவர்களும் சுயதொழில் செய்கிறவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். எனவே சேர்ந்த முதல் மாதமே நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் பணிச்சான்று வாங்கி விண்ணப்பித்துவிடுங்கள். வண்டி வரும்வரை ஆட்டோ செலவுக்கு என்ன செய்வது என்பதையும் சேரும் முன்பே வீட்டில் பேசி வையுங்கள்.

அடுத்தது வைத்தியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000 வாங்கினால் அந்த ஒரு சம்பளமே வரம்பைத் தொட்டுவிடும். அதற்குப் பதிலாக இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் கட்டாயம். மற்றவர்களுக்கு 21,000 சம்பளம் வரைதான் இ.எஸ்.ஐ.; மாற்றுத்திறனாளிக்கு 25,000 வரை உண்டு. இதை எத்தனையோ சம்பளப் பிரிவு ஆட்களே அறிந்திருப்பதில்லை, எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 10,000-க்கு 75 ரூபாய். அதற்குத் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். "இ.எஸ்.ஐ. எல்லாம் வேண்டாம், 75 ரூபாயைக் கையிலேயே தாரேன்" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள் என்பது என் கருத்து. கையில் சம்பளம் வாங்கினால் வேலை பார்த்ததற்கே ஆதாரம் இல்லை.

நிறுவனத்திடம் என்ன கேட்கலாம்? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 21-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், என்னென்ன வசதி தரும் என்பதை விவரமாக அதில் எழுத வேண்டும். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதால் வேலை நிலைக்காது. தேவையை அளவோடு சொன்னால் பெரும்பாலும் செய்வார்கள். "சாய்தளம் போடுங்க" என்றால் செங்குத்தாக ஒரு சிமெண்டுப் பலகையைச் சாத்திவைப்பார்கள். நாற்காலி பின்னால் உருண்டுவிடும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று சொல்லுங்கள். 15 சென்டிமீட்டர் படி இரண்டு இருந்தால் 3.6 மீட்டர். கதவு அகலம் 90 சென்டிமீட்டர். கழிப்பறையை நேரில் பார்க்காமல் சேராதீர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். கழிப்பறைக்குப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்குச் சிறுநீரகத் தொற்று வருகிறது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

காது கேளாதவர்களுக்குச் செலவே குறைவு: மெஷினில் மணிக்குப் பதில் விளக்கு, மேற்பார்வையாளர் வாயால் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது. தீ விபத்து எச்சரிக்கைக்கு மட்டும் கண்டிப்பாக ஒளிரும் விளக்கு கேளுங்கள். பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம். ஆனால் கம்பெனியின் பில்லிங் மென்பொருளை அது வாசிக்கிறதா என்பதைச் சேரும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதித்துவிட வேண்டும். பல மென்பொருள்களில் பொத்தான்களுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள், வெறுமனே "பட்டன், பட்டன்" என்று வாசிக்கும்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகத் தயாரிப்பு வேண்டும். பெட்டி கட்டும் வேலை என்றால் அதை ஆறேழு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, மேசைக்கு மேல் வரிசையாக ஒட்டுங்கள். தொடக்க வாரங்களில் பயிற்றுநர் ஒருவர் கூடவே இருந்து, பிறகு நாளுக்கு இரண்டு மணி நேரமாக, பிறகு வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரேயடியாக விலகினால் வேலை கெடும். விலகாமலே இருந்தால் பிள்ளை பயிற்றுநரின் முகத்தைப் பார்த்தே வேலை செய்யும். எத்தனையோ இடங்களில் பயிற்சி நன்றாக நடந்து, மேற்பார்வையாளர் மாறியதும் எல்லாம் சரிந்திருக்கிறது. புது ஆள் வரும் வாரத்தில் பயிற்றுநர் மறுபடி போய் நிற்க வேண்டும்.

சொந்தத் தொழில் பக்கம் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, மானியத்தைப் பற்றி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளி போட வேண்டிய சொந்தப் பணம் 5 சதவீதம். மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். இரண்டு லட்ச ரூபாய்த் திட்டத்தைச் சோழவந்தான் பக்கத்துக் கிராமமொன்றில் தொடங்கினால் கையிலிருந்து 10,000, வங்கிக் கடன் 1,90,000, மானியம் 70,000. அந்த 70,000 உங்கள் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். இதைத் தெரியாமல் "மானியம் வந்ததும் கட்டிடலாம்" என்று தவணையை விட்டவர்கள் கடனாளி ஆனார்கள்.

வேலை போய்விட்டால்? விடுவிப்புக் கடிதம் வாங்காமல் வெளியே வராதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை வேலையில் இருக்கும்போதும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வாருங்கள். வேலையில்லாதபோது, பதிவு செய்து ஓராண்டு ஆன மாற்றுத்திறனாளிக்குப் பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூ 750, பட்டம் 1,000 என்று மாதந்தோறும் பத்தாண்டு வரை கிடைக்கும். பதிவு காலாவதியானால் அந்த ஓராண்டை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டி வரும்.

கடைசியாக, ரயில்வே, தபால் குடும்பங்கள் இங்கே இருப்பதால் ஒன்று. மத்திய அரசு ஊழியர் இறந்தபின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பிள்ளை சம்பாதித்தால் அது போய்விடும் என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். 2021-இல் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. பிள்ளையின் மற்ற வருமானம், ஊழியர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக இருந்தால் ஓய்வூதியம் தொடரும். கடைசிச் சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து அந்த 30 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். பின்னால் அலைய வேண்டியவர் அந்தப் பிள்ளையாகத்தான் இருப்பார்.