பவர்லைன் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாமா?

[திரையில்: ஹாலில் ரூட்டர். மாடி அறையில் மேசை, அதன் கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.]

ரூட்டர் கீழே ஹால்ல இருக்கு. மாடி அறைக்கு வைஃபை ஒழுங்கா வரல. சுவரை உடைச்சு கேபிள் இழுக்க வழியில்லாத வீடுகள்ல பவர்லைன் அடாப்டர் நல்ல தீர்வு. ரூட்டர் பக்கத்துல ஒண்ணு, மாடியில ஒண்ணு. நடுவுல வீட்டு வயரிங்கே டேட்டாவைக் கொண்டு போகும். ஆனா மேசைக்குப் பக்கத்துல பிளக் பாயிண்ட் இருக்காது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் இருக்கும். அதுல செருகினா பல சமயம் வேகம் சரிஞ்சிடும்.

பதிலை முதல்லயே சொல்லிடறோம். அடாப்டர் சுவர் பாயிண்ட்லயே இருக்கட்டும். அங்கிருந்து மேசை வரைக்கும் லேன் கேபிளை நீட்டுங்க. 10 மீட்டர் கேட்6 கேபிள் போட்டாலும் வேகம் குறையாது. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும்.

[திரையில்: திறந்து வைத்த ஸ்பைக் கார்டு. அம்புக்குறி ஃபில்டர் கெபாசிட்டரைக் காட்டுகிறது.]

வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதே கம்பியில அடாப்டர் அனுப்புற சிக்னல் 2 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. பவர்லைன் அடாப்டர்களோட தரநிலையான ஹோம்பிளக்ல, ஏவி வகை 28 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், ஏவி2 வகை 86 வரைக்கும் போகும். கம்பியில வர்ற இந்த மாதிரி உயர் அதிர்வெண்களை இரைச்சல்னு நினைச்சு அழிக்கத்தான் நல்ல ஸ்பைக் கார்டுல, அதாவது திடீர் வோல்டேஜ் ஏற்றத்துல இருந்து காக்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, ஃபில்டர் வைக்கறாங்க.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்குன்னு வைங்க. 50 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 32,000 ஓம் தடை. மின்சாரம் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டா 0.16 ஓம். கெபாசிட்டர் கால்களோட இண்டக்டன்ஸை (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கற குணம்) சேர்த்தாலும் ஓரிரு ஓம்தான் வரும். சிக்னலைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். விலை அதிகமான ஸ்பைக் கார்டு, சாதாரண பாக்ஸை விட மோசமா நடந்துக்கறதுக்கு இதான் காரணம்.

ஃபில்டர் இல்லாம சர்ஜ் பாதுகாப்பு மட்டும் இருக்கற பாக்ஸ்ல வேரிஸ்டர்னு ஒரு சின்ன வட்டத் தட்டு இருக்கும். அதுக்கும் கொஞ்சம் கெபாசிட்டன்ஸ் உண்டு. சிக்னலைக் கொல்லாது, ஆனா குறைக்கும்.

எதுவுமே இல்லாத வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? ஒண்ணரை, ரெண்டு மீட்டர் வயர் மட்டும்னா பெருசா கெடுதல் இல்ல. கெடுக்கறது பக்கத்துல செருகியிருக்கற சார்ஜர்கள். லேப்டாப் சார்ஜர், மொபைல் சார்ஜர், மலிவான எல்இடி விளக்கு எல்லாமே உள்ளே வேகமா ஸ்விட்ச் ஆகற சர்க்யூட். இரைச்சலையும் கம்பிக்குள்ள தள்ளும். பல சார்ஜர்கள்ல மேலே சொன்ன அதே கெபாசிட்டரும் இருக்கும். அடாப்டருக்கும் இவற்றுக்கும் நடுவுல ஒரு சாண் தூரம்கூட இல்லாதப்போ அடி முழுசா விழும்.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை எதுவும் செருகாம அடாப்டர் பக்கத்துப் பாயிண்ட்ல விட்டு வைக்கறதும் தப்பு. சிக்னல் அந்த வயர் முனை வரைக்கும் போய் முட்டித் திரும்பும். சுமார் 5 மீட்டர் வெறும் வயர், 10 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துல இருக்கற சிக்னலை விழுங்கிடும். அடாப்டர் அந்த அதிர்வெண்களை ஒதுக்கிட்டு மத்ததுல வேலை செய்யும். இணைப்பு அறாது, வேகம் மட்டும் குறையும். அதனாலதான் காரணம் யாருக்கும் பிடிபடறதில்ல.

[திரையில்: முன்பக்கம் சாக்கெட் உள்ள அடாப்டர் சுவரில், அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.]

அறையில ஒரே ஒரு பாயிண்ட்தானா? முன்பக்கம் சாக்கெட் வெச்ச பாஸ்-த்ரூ அடாப்டர் வாங்குங்க. அடாப்டர் சுவர்ல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அடாப்டர்ல. அந்த சாக்கெட்டுக்குள்ள பெரும்பாலும் ஃபில்டர் இருக்கறதால சார்ஜர் இரைச்சல் வெகுவா குறையும். ஆனா அந்த பாக்ஸ்ல இன்னொரு பவர்லைன் அடாப்டரைச் செருகாதீங்க. அதே ஃபில்டர் அதோட சிக்னலையும் தடுத்துடும். எத்தனை ஆம்பியர் தாங்கும்னு லேபிளைப் பாருங்க. அயர்ன் பாக்ஸ், ஹீட்டரை அதுல போடவே வேண்டாம்.

ஐரோப்பிய பிளக்கோட வர்ற பாஸ்-த்ரூ மாடல்கள்ல கவனமா இருங்க. நம்ம மூணு பின் சாக்கெட்ல அது உள்ளே போகும், ஆனா எர்த் படாது. அதுல செருகற சாதனத்துக்கும் எர்த் கிடைக்காது. இது வேகப் பிரச்சினை இல்ல, உயிர்ப் பாதுகாப்பு. ஏவி2-வோட மைமோ வசதிக்கும் (ஒரே நேரத்துல ரெண்டு ஜோடிக் கம்பி வழியா டேட்டா அனுப்பறது) எர்த் கம்பி வேணும். அது இல்லன்னா பெட்டியில போட்ட வேகம் வர வாய்ப்பே இல்ல.

[திரையில்: வேக அளவீடு, மூன்று நிலைகள்.]

சோதிக்கற முறை இது. முதல்ல ரெண்டு அடாப்டரையும் ஒரே அறையில, ரெண்டு சுவர் பாயிண்ட்ல போட்டு ஜோடி சேருங்க. பல மாடல்கள்ல ஒண்ணுல பேர் (Pair) பட்டனை அழுத்திட்டு 2 நிமிஷத்துக்குள்ள இன்னொண்ணுலயும் அழுத்தணும். ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல ஐபெர்ஃப்ங்கற வேகம் அளக்கற மென்பொருளை ஓட்டி வேகத்தைக் குறிச்சுக்கோங்க. அடுத்து மாடி சுவர் பாயிண்ட்ல. கடைசியா, வேணும்னா, எக்ஸ்டென்ஷன்ல. ரெண்டாவது அளவே மோசமா இருந்தா குத்தம் எக்ஸ்டென்ஷன் மேல இல்ல, வயரிங் மேல.

ஏவி600 மாடல்கள்ல பலதுக்கு லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 95-க்கு மேல எதிர்பார்க்காதீங்க. அதுக்கு மேல வேணும்னா கிகாபிட் போர்ட் இருக்கானு பார்த்து வாங்குங்க.

வயரிங்னு வந்தா நம்ம ஊர்ல ரெண்டு விஷயம். மூணு பேஸ் வீட்ல ஹால் ஒரு பேஸ், மாடி வேற பேஸ்னா சிக்னல் பலவீனமாத்தான் தாண்டும். பேஸ் சேஞ்சர் இருந்தா, ரெண்டு அறையும் ஒரே பேஸ்ல இருக்கறப்போ சோதிங்க. வேகம் ஏறினா காரணம் தெரிஞ்சிடும். நிரந்தரமா மாத்தற வேலையை டிபி பாக்ஸ்ல (வீட்டு மின்சாரம் பிரிஞ்சு போற பெட்டி) எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

அடுத்தது இன்வெர்ட்டர். ரூட்டர் இன்வெர்ட்டர் லைன்ல, மாடி அடாப்டர் ஈபி லைன்ல இருந்தா சிக்னல் இன்வெர்ட்டர் வழியா போக வேண்டியிருக்கும். சிக்னல் அங்கேயே தேயலாம். கரண்ட் போனா மாடி அடாப்டரும் அணைஞ்சிடும். ரெண்டையும் இன்வெர்ட்டர் லைன்லயே போடுங்க. சதுர அலை இன்வெர்ட்டர்னா பேட்டரியில ஓடறப்போ இரைச்சல் கூடி வேகம் குறையலாம்.

அடுக்குமாடியில இருக்கறவங்க ஜோடி சேர்க்காம அப்படியே பயன்படுத்தாதீங்க. சிக்னல் மீட்டரைத் தாண்டி பக்கத்து வீட்டு வயரிங் வரைக்கும் கசியலாம். பேர் பட்டனை அழுத்தினா பாஸ்வேர்ட் மாதிரி ஒரு புது சாவி உருவாகி, டேட்டா அந்தச் சாவியோட பூட்டப்படும்.