நெற்றியில் முத்திரை: வெளிப்படுத்தின விசேஷத்தை எப்படி வாசிப்பது?

[திரையில்: வெளி. 13:16–17]

வலது கையிலோ நெற்றியிலோ ஒரு முத்திரை; தேவனுக்கு எதிராக எழும்பி, தன்னை வணங்கச் சொல்லும் மிருகத்தின் முத்திரை. அது இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. இந்த இரண்டு வசனங்களை வைத்துக் கிளப்பிவிட்ட பயம் கொஞ்சநஞ்சமல்ல. பார்கோடு வந்தபோது அதுதான் முத்திரை என்றார்கள். பிறகு தோலுக்கடியில் வைக்கும் சிப். அப்புறம் தடுப்பூசி. "தெரியாமல் வாங்கிக்கொண்டேனோ, என் இரட்சிப்பு போய்விட்டதோ" என்று தூக்கமில்லாமல் தவித்த விசுவாசிகள் உண்டு. அந்தத் தவிப்பு அவர்களுக்கு வந்திருக்கவே வேண்டாம். ஏன் என்று வேதத்தை வைத்தே பார்ப்போம்.

13-ஆம் அதிகாரம் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதிகாரப் பிரிவு இந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் போட்டதல்ல, பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அப்படியே 14:1-க்குப் போங்கள். ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவோடு நிற்கிறவர்களின் நெற்றியிலும் ஒன்று எழுதியிருக்கிறது: பிதாவின் நாமம். அதைப் பச்சை குத்திய எழுத்து என்று யாரும் சொல்வதில்லை. இவர்கள் தேவனுக்குச் சொந்தமானவர்கள் என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறோம். அப்படியிருக்க, சில வரிகளுக்கு முன்னால் வரும் முத்திரையை மட்டும் ஏன் ஊசியாகவும் சிப்பாகவும் வாசிக்கிறோம்?

[திரையில்: உபாகமம் 6:5–8]

கையும் நெற்றியும் யோவான் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. முழு இருதயத்தோடும் கர்த்தரில் அன்புகூர வேண்டும் என்று சொன்ன மோசே, அந்த வார்த்தைகளைக் கையின்மேல் அடையாளமாகக் கட்டிக்கொள், அவை உன் கண்களுக்கு நடுவே ஞாபகக்குறியாக இருக்கட்டும் என்றார். மிருகம் கேட்பதும் அதே இடத்தைத்தான். கர்த்தருக்குரிய அன்பையும் கீழ்ப்படிதலையும் தனக்குக் கொடு என்கிறது. 14:9-ஐயும் கவனியுங்கள். மிருகத்தை வணங்குவதும் முத்திரையைத் தரித்துக்கொள்வதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. மனதறிந்து வணங்காதவன்மேல் தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்ளும் முத்திரையை இந்த வசனங்களில் நான் காணவில்லை.

இதை முதலில் கேட்டவர்களுக்கு விஷயம் இன்னும் நேரடியானது. இந்தப் புத்தகம் அனுப்பப்பட்ட ஏழு சபைகளில் ஒன்று இருந்த பெர்கமு நகரத்தில் ரோமாபுரிக்கும் அதன் பேரரசன் அகஸ்துராயனுக்கும் கோயில் கட்ட கி.மு. 29-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. "சாத்தானுடைய சிங்காசனமிருக்கிற" இடம் என்று 2:13 சொல்வதும், கிறிஸ்துவின் சாட்சியான அந்திப்பா கொல்லப்பட்டதும் அதே ஊரில்தான். பேரரசனை வணங்கினால் ஊரோடு ஒத்துப்போகலாம், வியாபாரத்துக்கும் இடைஞ்சல் இல்லை. வணங்காவிட்டால்?

அடையாளங்களின் அர்த்தத்தைப் பல இடங்களில் வேதமே சொல்லிவிடுகிறது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் (1:20). தண்ணீர்கள் ஜனங்களும் ஜாதிகளும் (17:15). தானியேல் 8-இல் ஆட்டுக்கடா மேதியா, பெர்சியா என்றும், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்றும் தூதனே விளக்குகிறான். 13:2-இன் மிருகத்தைப் பாருங்கள்: சிறுத்தையின் உருவம், கரடியின் கால், சிங்கத்தின் வாய். தானியேல் 7-இல் தனித்தனியாக வந்த மிருகங்கள் இங்கே ஒரே உடலாகி நிற்கின்றன. அன்றைய செய்தித்தாளைப் பிரிப்பதற்கு முன் தானியேலைத் திறக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

[திரையில்: வெளி. 5:5–6]

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புத்தகத்தின் முத்திரைகளை உடைக்க ஒருவரும் இல்லை என்று யோவான் அழுகிறார். மூப்பர்களில் ஒருவன், "நீ அழவேண்டாம், யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறார்" என்கிறான். யோவான் பார்க்கிறார். சிங்கம் இல்லை. அடிக்கப்பட்ட வண்ணமாய் ஒரு ஆட்டுக்குட்டி நிற்கிறது. காதில் விழுந்தது சிங்கம், கண்ணில் பட்டது ஆட்டுக்குட்டி. வெற்றி என்றால் என்ன என்பதையே அந்தக் காட்சி மாற்றிப்போடுகிறது: அவர் கொன்று ஜெயிக்கவில்லை, கொல்லப்பட்டு ஜெயித்தார். 7-ஆம் அதிகாரத்திலும் இதே முறைதான். கேட்ட தொகை 1,44,000. பார்த்ததோ ஒருவனும் எண்ணக்கூடாத திரள் கூட்டம். 19-ஆம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரையில் வருகிறவரின் பட்டயம் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. இதைக் கவனிக்காமல் போர் விமானங்களையும் ஏவுகணைகளையும் தேடிப் போனால், யோவான் காட்டிய கிறிஸ்துவையே தவறவிட்டுவிடுவோம்.

சரி, மிருகத்தின் எண் என்று 13:18 சொல்லும் 666? எபிரெயத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை "நீரோன் கேசர்" என்று எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200: மொத்தம் 666. பெயரின் கடைசி "ன்" எழுத்தை விட்டால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. நீரோ மன்னன் இறந்த பின்னும் அவன் திரும்பி வருவான் என்ற பேச்சு அக்காலத்தில் உலவியது. சாவுக்கேதுவான காயம் ஆறிய தலையை (13:3) அதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. 2-ஆம் நூற்றாண்டில் சபைத் தலைவர் ஐரேனியஸ் சில பெயர்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தும், இவன்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல மறுத்தார். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

அது இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. தானியேல் 8:14-இன் 2300 நாட்களை வருஷங்களாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணினார் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார். அவரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்து திரும்பி வருவது 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். அறுவடையை வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. அந்த நாள் வந்தது, போனது. பிதா ஒருவர் தவிர ஒருவரும் அறியார் என்ற மத்தேயு 24:36 அவர்கள் கையிலிருந்த வேதத்திலும் இருந்தது.

ஆயிர வருஷ அரசாட்சியைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசுவோம். வருவதற்கு முன் எசேக்கியேல் 38, 39-ஐ வாசித்துவிடுங்கள். கோகு, மாகோகு என்ற பெயர்கள் வெளிப்படுத்தல் 20:8-க்கு அங்கிருந்துதான் வருகின்றன.