தளும்பாத பாரம்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பாத் நகரம் என்றால் ரோமானியர் காலத்து வெந்நீர்க் குளமும், பிறைபோல வளைந்து நிற்கும் கல் மாளிகைகளும்தான் பலருக்கும் நினைவில் எழும். எனக்கு அந்த ஊர் கிரேன்களின் ஊர். கிரேன்கள் செய்த ஸ்டோதர்ட் அண்ட் பிட் நிறுவனம் அங்கேதான் வளர்ந்தது.

1785-ல் ஜார்ஜ் ஸ்டோதர்ட் தொடங்கியது ஓர் இரும்புச் சாமான் கடை. பின்னர் வார்ப்பாலை வந்தது; 1844-ல் ராபர்ட் பிட் பங்குதாரரானார். 1857-ல் ஏவன் ஆற்றோரம் நியூவார்க் தொழிற்சாலை எழுந்தது. அதை வடிவமைத்த தாமஸ் ஃபுல்லர்தான் பிற்பாடு கனடாவின் நாடாளுமன்றக் கட்டடத்தையும் வடிவமைத்தவர்களில் ஒருவர்!

பாரத்தைத் தூக்குவதைவிட, தூக்கும்போது சாயாமல் நிற்பதுதான் கடினம். தண்டவாளத்தில் ஓடும் நீராவி கிரேன்களில் இதற்கு அழகான வழி உண்டு: கொதிகலனைப் பின்புறம் வைத்துவிடுவார்கள். நீராவி தரும் கலனே எதிர்ப்பாரமும் ஆகிவிடும்.

1878-ல் பிரிஸ்டல் துறைமுகத்துக்கு இந்நிறுவனம் செய்த 35 டன் நீராவி கிரேன் வேறு வகை. வடிவம் வில்லியம் ஃபேர்பேர்ன் என்ற பொறியாளருடையது. இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த அதன் கை, நாரையின் கழுத்துப்போல வளைந்தது. நேரான கை கப்பலின் விளிம்பில் இடிக்கும். வளைந்த கை விளிம்பைத் தாண்டிச் சரக்கறைக்கு மேலேயே போய் நிற்கும். அடித்தண்டோ தரைக்குக் கீழே, கிணறு போன்ற குழிக்குள் இறங்கியிருக்கிறது. சுற்றியுள்ள கற்கட்டு அதைச் சாயவிடாது. ஆனால், முந்தைய ஆண்டே ஏவன் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ஏவன்மவுத்தில் புதிய கப்பல்துறை திறந்துவிட்டது. பெரிய கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. இத்தனை அருமையான பொறிக்கு வேலை குறைந்துபோனதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்நிறுவனத்தின் தலைசிறந்த சாதனை என்று நான் கருதுவது கிளாட் டாப்லிஸ் என்ற அதன் பொறியாளரின் கயிற்று அமைப்பு. அதற்கு முன், கிரேனின் கையை நிமிர்த்தினால் தொங்கும் பாரமும் கூடவே மேலேறும். எரிபொருள் வீண், கீழே நிற்பவருக்கு ஆபத்து. டாப்லிஸ், கையின் முனைக்கும் கிரேன் இயக்குபவர் அமரும் கூண்டின் உச்சிக்கும் இடையே கயிற்றைப் பல சுற்றுகள் ஓடவிட்டார். கை நிமிர நிமிர அந்த இடைவெளி குறையும். மிஞ்சும் கயிறு கொக்கியின் பக்கம் இறங்கும். முனை ஏறிய அளவுக்குக் கொக்கி தாழ்வதால், பாரம் ஒரே மட்டத்தில் நகரும். இடுப்பில் நிறைகுடம் ஏந்தி, தளும்பாமல் நடக்கும் பெண்ணின் நடை அது. நீராவி போய் மின்சாரம் வந்த பிறகும் இந்த அமைப்பு நிலைத்தது.

1986-ல் நிறுவனம் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லின் கைக்குப் போனது. 1989-ல் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இரும்பு வார்த்த கைகள் ஓய்ந்தன. என்னால் இதை வெறும் வணிகச் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

பிரிஸ்டலின் அந்த வளைந்த கை இன்னும் நிற்கிறது. அருங்காட்சியகத்தார் அதைப் பழுதுபார்த்து, நீராவி ஏற்றி இயக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதே துறைமுகக் கரையில், அதே தொழிற்சாலை 1951-ல் செய்த நான்கு மின்சாரக் கிரேன்களும் வரிசையாக நிற்கின்றன.