தலை பின்ன அரசாணை போட முடியுமா?

பட்டிமன்றத் தலைப்பு: அரசுப் பள்ளிகள் தலைநிமிரப் பெரிதும் தேவை அரசின் நிதியா, ஊராரின் துணையா? 'ஊராரின் துணையே' அணியில் பேசிய உரை.

நடுவர் அவர்களுக்கும், அவைக்கும், முன்னால தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லி முடிக்கணும். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன் நல்லாத்தான் பேசினாரு. கட்டடத்துக்கு நிதி வேணும், வாத்தியாருக்குச் சம்பளம் வேணும், கழிப்பறைக்குத் தண்ணி வேணும்னாரு. எல்லாமே வேணும். யாரு வேண்டாம்னா? அதோட நிறுத்தியிருந்தா நானும் கைதட்டிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆனா போற போக்குல ஒண்ணு சொன்னாரு பாருங்க: "ஊர்க்காரன் பள்ளிக்கூடத்துக்குள்ள வர்றது வருஷத்துக்கு ரெண்டே நாள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26. அதுவும் மிட்டாய்க்கு!" சபையே சிரிச்சுது. என்னால சிரிக்க முடியல நடுவர் அவர்களே.

மிட்டாய்க்கா? அண்ணே, அந்த மிட்டாயை வாங்கித் தந்தது யாரு? முந்தின நாள் ராத்திரி கொடிக்கம்பத்துக்கு வெள்ளையடிச்சது யாரு? விடியறதுக்கு முன்னால வந்து வாசல் கூட்டி, தண்ணி தெளிச்சு, மூணு நிறத்துல கோலம் போட்டது யாரு? எங்க ஊர்ல மைக்செட்டுக்காரர் வாடகை வாங்க மாட்டாரு. "எம்புள்ள படிக்கிற எடம், காசு எதுக்கு"ம்பாரு. அவரு மிட்டாய்க்கா வந்தாரு?

சரி, மிட்டாயை விடுங்க, சோத்துக்கு வருவோம். 1956-ல காமராசர் மதிய உணவைத் தொடங்கினாரு. அரசுப் பணம் வந்து சேர்றதுக்கு முன்னாலயே உலை கொதிச்ச ஊருங்க இருக்கு. எப்படி? ஊருக்காரங்க அரிசி கொண்டு வந்தாங்க, பருப்பு கொண்டு வந்தாங்க, விறகு கொண்டு வந்தாங்க. அடுத்து 1958-லிருந்து ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு. கல்வித் துறைக்குத் தலைமை தாங்கின நெ.து. சுந்தரவடிவேலு அதுக்காக ஓடியோடி உழைச்சாரு. ஒருத்தர் நிலம் கொடுத்தாரு, ஒருத்தர் பெஞ்சு கொடுத்தாரு, ஒருத்தர் கரும்பலகை கொடுத்தாரு, ஒருத்தர் பிள்ளைகளுக்குச் சட்டை தைச்சுக் கொடுத்தாரு. அவங்கெல்லாம் மிட்டாய்க்கா வந்தாங்க?

புதுக்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்க. கல்விச் சீர்னு ஒண்ணு நடத்தறாங்க. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு போற மாதிரி மேளதாளத்தோட, தாம்பாளத்துல பழமும் நோட்டுப் புத்தகமும் வெச்சு, பின்னால பீரோ, நாற்காலி, குடிதண்ணி டிரம் எல்லாம் சுமந்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க. தாய்மாமன் எதுக்குச் சீர் கொண்டு வர்றான்? "எம்மருமகளுக்கு நான் இருக்கேன்"னு ஊரறியச் சொல்லத்தான். அதைத்தான் அந்த ஊர் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுது.

மதுரை கொடிக்குளத்துல ஆயி பூரணம் அம்மாள். வங்கியில எழுத்தர் வேலை. இறந்துபோன மகள் நினைவா, உள்ளூர் அரசுப் பள்ளியைப் பெரிசாக்குறதுக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தாங்க. 2024-ல அரசே கூப்பிட்டுக் கௌரவிச்சுது. பெத்த மகளைப் பறிகொடுத்த தாய், ஊரான் பிள்ளைகளைப் படிக்க வைக்க வந்தாங்களே, அண்ணே, அவங்க மிட்டாய்க்கா வந்தாங்க?

நிதி பெரிசா, துணை பெரிசான்னுதானே கேள்வி? பணத்தால ஆகாத ஒரு காரியத்தைச் சொல்றேன்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர். மல்லிகைப்பூ விளையற பூமி. மொக்கு விரியறதுக்கு முன்னால பறிச்சாத்தான் விலை. அதனால பொம்பளைங்க கோழி கூவுறதுக்கு முன்னால தோட்டத்துல நிப்பாங்க. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புப் பொம்பளைப் பிள்ளைங்க திடீர் திடீர்னு வராம நின்னாங்க. டீச்சர் வீடு வீடாப் போனாங்க. ஒரு பிள்ளை கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது.

"காய்ச்சலா?" இல்ல. "சாப்பாடு இல்லையா?" மத்தியானம் பள்ளிக்கூடத்துலயே போடுறாங்க. "புத்தகம் இல்லையா?" அரசாங்கம் கொடுத்திருக்கு. "சீருடை?" அதுவும் கொடுத்திருக்கு. "அப்புறம் ஏன்டி வரல?"

பிள்ளை தலையைத் தொட்டுக் காட்டுது. "ரெட்டைச் சடை போட ஆளில்ல டீச்சர்."

இன்னொரு தடவை சொல்றேன், பின்வரிசைக்கும் கேக்கட்டும். ஊர்ப் பொம்பளைங்க எல்லார் தலையிலயும் வைக்கிற பூவை அந்தப் பிள்ளையோட தாய்தான் பறிக்கிறா. பெத்த மக தலையைப் பின்ன அவளுக்கு நேரமில்ல. அப்பனுக்குப் பின்னத் தெரியாது. பரட்டைத் தலையோட போனா மத்த பிள்ளைங்க சிரிக்கும். பத்து வயசுப் பிள்ளைக்கு அந்த வெட்கம் போதும், படிப்பை நிறுத்த.

நடுவர் அவர்களே, அரசாங்கம் சோறு போட்டாச்சு, துணி கொடுத்தாச்சு, புத்தகம் கொடுத்தாச்சு. தலை பின்ன அரசாணை போட முடியுமா? அதுக்கு எந்தத் தலைப்புல நிதி ஒதுக்குறது?

பள்ளிக்கூட வாசலுக்கு எதிர்த்தாப்புல ஒரு வேப்பமரம். அதுக்குக் கீழ அவிச்ச கடலையும் பனங்கிழங்கும் விக்கிற ஒரு பாட்டி. ஊரே அப்பத்தான்னு கூப்பிடும். டீச்சர் அவங்ககிட்ட சும்மா புலம்பிட்டுப் போனாங்க. மறுநாள் காலையில அப்பத்தா கடலைக் கூடையோட ஒரு சீப்பும், ஒரு எண்ணெய்ச் சீசாவும் கொண்டு வந்துட்டாங்க. "ஏத்தா, இங்கிட்டு வா, குந்து." முதல் நாள் ஒரு தலை. அந்த வாரம் மூணு தலை. மாசம் முடியறதுக்குள்ள பதினோரு தலை. எட்டு மணிக்கு வேப்பமரத்துக்குக் கீழ வரிசை நிக்கும். மார்கழியில தேங்காயெண்ணெய் உறைஞ்சு போயிரும். அப்பத்தா அந்தச் சீசாவை இடுப்புச் சேலைக்குள்ள சொருகிச் சூடு காட்டி இளக்குவாங்க.

அத்தோட விடல. சடை பின்னி முடிக்கிற வரைக்கும் பிள்ளை வாய்ப்பாடு சொல்லணும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு... அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தப்பாச் சொன்னா தெரியாது. ஆனா தடுமாறினா தெரியும். தடுமாறின எடத்துல சடையை ஒரு இழு இழுப்பாங்க. வலது சடைக்கு ஆறாம் வாய்ப்பாடு, இடது சடைக்கு ஏழாம் வாய்ப்பாடு. அந்த வருஷம் முடியற வரைக்கும் பதினோரு பேர்ல ஒருத்திகூட பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கல.

இந்த ஊர்த் துணை வேணும்னு சட்டமே கேக்குது. 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது: பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். இன்னிக்குப் பல்லாயிரம் பள்ளிகள்ல தலைவர் நாற்காலியில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. 2021-ல கொரோனா முடக்கத்துக்கு அப்புறம், பிள்ளைங்க விட்ட பாடத்தைச் சாயங்காலத்துல சொல்லிக் கொடுக்க இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தப்போ, ஏறக்குறைய 2 லட்சம் பேர் தன் வீட்டுத் திண்ணையில பாயை விரிச்சாங்க. மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தாங்க, மறைக்கல. ஆனா ஆயிரம் ரூபாய்க்கா ஒருத்தி தினம் சாயங்காலம் இருபது பிள்ளைகளை வீட்டுல சேர்த்துக்கிட்டா? அண்ணே, வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க.

மணி அடிச்சாச்சு. ஒரே நிமிஷம் நடுவர் அவர்களே.

அந்தப் பதினோரு பிள்ளைகள்ல ஒருத்தி நான். கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னவ நான்தான்.

முதல் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும், எங்கம்மா என் சடையைத் தொட்டுப் பார்த்தாங்க. "யாரு பின்னிவிட்டா?"ன்னாங்க. சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசல. பூ இல்லாத மாசம் வந்துச்சு. ஒருநாள் காலையில வேப்பமரத்தடிக்குப் போறேன், அப்பத்தா பக்கத்துல இன்னொரு சீப்பை வெச்சுக்கிட்டு எங்கம்மா உட்கார்ந்திருக்காங்க. முன்னால வேற யாரோ ஒரு பிள்ளை. மல்லிகைக் காம்பு கிள்ளிக் கிள்ளி நகமெல்லாம் கறுத்துப்போன அந்தக் கை, அந்தப் பிள்ளைக்கு வகிடு எடுக்குது. அதுக்கு முன்னால எங்கம்மா அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்ல.

அப்பத்தா கடைசியா படுத்த படுக்கையா இருந்தப்போ பார்க்கப் போனேன். அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்த ரெண்டு பிள்ளைங்க கட்டில்ல உட்கார்ந்து, அந்த நரைச்ச முடியைச் சிக்கெடுத்துக்கிட்டிருந்தாங்க. யாரும் அவங்களை அனுப்பல. நானும் பக்கத்துல உட்கார்ந்தேன். அப்பத்தாவுக்கு ஆள் அடையாளம் தெரியல. உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. குனிஞ்சு காதைக் கொடுத்தேன்.

"ஆறேழு நாப்பத்திரெண்டு... ஏழேழு நாப்பத்தொம்பது..."

தடுமாறவே இல்ல.

வணக்கம்.